கம்பிவழிப் பேசும் கருவிகள்

நுழையும்முன்

கடையில் விற்கும் வடத்தைச் செருகியவுடன் இரு கருவிகள் இணைந்துவிடுகின்றன. அவ்விணைப்பினுள் நிகழ்வது யாது என எண்ணிப் பார்க்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. பொருத்தமான வடம் கிடைக்காதபோதுதான் அத்தேவை எழுகிறது. பழைய இயந்திரங்களும் புதிய கணினிகளும் அருகருகே இயங்கும் சென்னை மேற்குப் புறநகரின் தொழிற்கூடங்களை முன்வைத்து, இணைப்பு வடத்தைத் தாமே செய்துகொள்ளும் முறையையும் அதன் அறிவியல் அடிப்படையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏரிக்கரையில் எழுந்த தொழில்கள்

1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி, இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாகவே மேற்கு நோக்கிச் சென்றது. அத்தடத்தில் இன்று ஓடும் புறநகர் மின்தொடர்வண்டி கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் ஆகிய நிலையங்களைக் கடந்து ஆவடியை அடைகிறது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதி, நாடு விடுதலை பெற்றபின் தொழிற்பகுதியாக மாறியது. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் மிதிவண்டித் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965ஆம் ஆண்டின் இறுதியில் 'விஜயந்தா' பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. பின்னர்த் திருமழிசை, பூந்தமல்லி வரையிலும் சிறு தொழிற்கூடங்கள் பரவின.

பெருந்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய உதிரி உறுப்புகளைக் கடைந்தும் துளையிட்டும் தருபவை இச்சிறு தொழிற்கூடங்களே. கையால் இயக்கப்பட்ட கடைசல் இயந்திரங்களின் இடத்தில், எண்களால் ஆன நிரலைப் படித்துத் தாமே இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் காலப்போக்கில் வந்து சேர்ந்தன. இருபது, முப்பது ஆண்டுகள் பழைமையான அத்தகைய இயந்திரம் ஒன்று, இன்றும் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையக்கூடும். ஆனால், அதற்கு நிரலை அனுப்ப வேண்டிய மடிக்கணினியோ அண்மையில் வாங்கியதாக இருக்கும். இயந்திரத்தில் இருக்கும் இணைப்பி கணினியில் இல்லை. கணினியில் இருக்கும் இணைப்பி இயந்திரத்தில் இல்லை. இடையில் ஒரு வடம் இல்லையெனில் இயந்திரம் நின்றுவிடும். அன்றைய வேலையும் நின்றுவிடும்.

இதே இடர்ப்பாடு, சிறிய அளவில், தொழிற்பயிற்சி நிலையத்திலும் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயிலும் மாணவர்க்கும் நேர்கிறது. அவர் மேசைமீது இருப்பது உள்ளங்கையளவுள்ள ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை. அதனைக் கணினியோடு பேசவைக்க வேண்டும். இவ்விரு சிக்கல்களும் வேறுவேறாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. பலகையைக் கொண்டு அறிந்தவர் இயந்திரத்தையும் அறிவார்.

ஒரு சில்லில் ஒரு கணினி

கணக்கிடும் செயலகம், நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லில் அமைந்த சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தி எனப்படும். துணி துவைக்கும் இயந்திரம், மின்தூக்கி, மின்னணுத் தராசு எனப் பலவற்றுள்ளும் அது மறைந்திருந்து இயங்குகிறது.

1980ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தி, இந்தியக் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவருகிறது. நிரலுக்கு 4 கிலோபைட் நினைவகமும், கணக்கிடும்போது பயன்படுத்த 128 பைட் நினைவகமும், 32 உள்ளீட்டு வெளியீட்டு முனைகளும் மட்டுமே அதில் இருந்தன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அந்நினைவகத்தில் வைக்க இயலாது. ஆயினும், ஓர் இயந்திரத்தைக் கட்டுப்படுத்த அதுவே போதுமானதாக இருந்தது.

நுண்கட்டுப்படுத்திக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அது அளந்த வெப்பநிலையை அறியவும், அதற்கு ஆணையிடவும், பல வேளைகளில் அதற்குள் புதிய நிரலை ஏற்றவும் கணினியின் துணை வேண்டும். இத்தொடர்புக்கென ஏறத்தாழ எல்லா நுண்கட்டுப்படுத்திகளிலும் இரு முனைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒன்று அனுப்பும் முனை. மற்றொன்று பெறும் முனை. பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று என இவற்றைக் கொள்ளலாம்.

எழுத்து கம்பியில் செல்லும் முறை

எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எட்டு பிட்டுகளையும் ஒரே நேரத்தில் அனுப்ப எட்டுக் கம்பிகள் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஒரு கம்பியே போதும். இம்முறை தொடர்நிலைத் தொடர்பு எனப்படும்.

ஒரே கம்பியில் அனுப்பும்போது ஓர் ஐயம் எழுகிறது. ஓர் எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைப் பெறும் கருவி எவ்வாறு அறியும்? இதற்காக ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ஒரு தொடக்க பிட்டும் பின்னே ஒரு முடிவு பிட்டும் சேர்க்கப்படுகின்றன. எனவே, எட்டு பிட் செய்திக்குப் பத்து பிட்டுகள் கம்பியில் செல்கின்றன. பேச்சில்லாதபோது கம்பி 'ஒன்று' என்னும் நிலையில் இருக்கும். அது 'சுழியம்' என்னும் நிலைக்கு இறங்கும் நொடியே தொடக்கம் என்பதைப் பெறும் கருவி உணர்ந்துகொள்ளும்.

இதற்கு மேலும் ஓர் உடன்பாடு தேவை. அதுவே வேகம். நொடிக்கு 9600 பிட்டுகள் என்னும் வேகம் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. அவ்வேகத்தில் ஒரு பிட் நீடிக்கும் காலம் ஏறத்தாழ 104 மைக்ரோநொடி. இவ்வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்னும் அலகு, தந்திக்கான குறிமுறையை 1870களில் உருவாக்கிய பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போடோவின் பெயரால் அமைந்தது. தந்தியின் வழித்தோன்றலே இத்தொடர்புமுறை என்பதற்கு அப்பெயரே சான்று.

தெரிந்து தெளிவோம்

தமிழ் எழுத்தாகிய 'அ', ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாகக் கணினியில் பதிவாகிறது. தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்தால் கம்பியில் செல்பவை 30 பிட்டுகள். 9600 வேகத்தில் 'அ' என்னும் ஓரெழுத்து கம்பியைக் கடக்க மூன்று மில்லிநொடிக்குச் சற்று மேலாகிறது.

வேகம் பிசகினால் நேர்வது

8051 பலகைகள் பலவற்றில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்ட படிகம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். முழு எண்ணாகிய 12 இருக்க, இத்தகைய எண்ணை ஏன் தேர்ந்தனர் என்னும் வினா மாணவர்க்கு எழுவது இயல்பு.

11,059,200 என்பதை 12ஆல் வகுத்தால் 921,600 கிடைக்கும். அதனை 32ஆல் வகுத்தால் 28,800. மேலும் 3ஆல் வகுத்தால் சரியாக 9600. இவ்வகுத்தல்கள் அனைத்தும் சில்லின் உள்ளேயே நிகழ்பவை. மாறாக 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்து இதே வகுத்தலைச் செய்தால் ஏறத்தாழ 10,417 வரும். வேகத்தில் எட்டு விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டாகும். தொடக்க பிட்டில் இணைந்து புறப்படும் இரு கருவிகளும், பத்தாம் பிட்டை அடைவதற்குள் ஒன்றை விட்டு ஒன்று விலகிவிடும். திரையில் பொருளற்ற குறிகள் தோன்றும். வடத்தில் குறையில்லாதபோதும் வடத்தையே ஐயுற்றுப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பவர் உண்டு. திரையில் ஏதேனும் தோன்றுமாயின் கம்பி இணைந்துள்ளது என்பதே பெரும்பாலும் பொருள், பிசகியது வேகமாக இருக்கக்கூடும். இதனை அறிந்தவர்க்கு அரைநாள் உழைப்பு மிஞ்சும்.

இரு மொழிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர்

கம்பியும் வேகமும் பொருந்தினாலும் இணைப்பு நிறைவடையாது. மின்னழுத்தமும் பொருந்த வேண்டும்.

8051 போன்ற நுண்கட்டுப்படுத்தி, 'ஒன்று' என்பதை 5 வோல்ட்டாலும் 'சுழியம்' என்பதைச் சுழிய வோல்ட்டாலும் குறிக்கிறது. கணினிகளிலும் சி.என்.சி. இயந்திரங்களிலும் அமைந்த ஒன்பது முனை, இருபத்தைந்து முனை இணைப்பிகளோ 1960களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்-232 என்னும் தரத்தைப் பின்பற்றுகின்றன. அத்தரத்தில் 'ஒன்று' என்பது எதிர்மின்னழுத்தம். அதாவது -3 முதல் -15 வோல்ட் வரை. 'சுழியம்' என்பது நேர்மின்னழுத்தம். +3 முதல் +15 வோல்ட் வரை. ஒன்றுக்கு மேலாக இருப்பது மற்றொன்றுக்குக் கீழாக இருக்கிறது. ஒருவர் தலையசைத்தால் 'ஆம்' என்றும், அதே அசைவை மற்றவர் 'இல்லை' என்றும் கொள்வது போன்றது இது.

பொருள் மாறுபடுவதோடு இடர் முடிவதில்லை. 12 வோல்ட் மின்னழுத்தம் 5 வோல்ட் முனையில் நேராகப் பாயுமாயின் நுண்கட்டுப்படுத்தி பழுதாகிவிடக்கூடும். கண்ணுக்குப் புகையோ தீயோ தெரியாமலேயே பலகை வாளாவிருந்துவிடும். பல நாள் சேமித்து வாங்கிய பலகையை ஒரு கம்பி பாழாக்கிவிடும் என்பதனால், இப்படியைக் கருத்துடன் கற்றல் வேண்டும்.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது மேக்ஸ்232 என்னும் சில்லு. 1987இல் மேக்சிம் நிறுவனம் இதனை வெளியிட்டது. அதற்கு முன்பு ஆர்.எஸ்-232 மின்னழுத்தங்களைப் பெற +12, -12 வோல்ட் மின்வழங்கிகளைத் தனியே அமைக்க வேண்டியிருந்தது. இச்சில்லுக்கு 5 வோல்ட் மட்டுமே போதும். அதனுடன் நான்கு சிறு மின்தேக்கிகளை இணைத்தால், ஒரு தேக்கியில் மின்னூட்டத்தை நிரப்பி, அதனை வழங்கியோடு அடுக்கி +10 வோல்ட்டையும், பின் தலைகீழாக மாற்றி -10 வோல்ட்டையும் அது தானே உண்டாக்கிக்கொள்ளும். தாழ்ந்த கால்வாயின் நீரைப் படிப்படியாக இறைத்து மேட்டுநிலத்திற்கு ஏற்றுவதை ஒத்த செயல் இது.

வடம் செய்யும் முறை

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மின்னணு உதிரி உறுப்புகளுக்குப் பெயர்பெற்றது. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் புறநகர் வண்டியேறி அங்குச் சென்று உறுப்புகள் வாங்கிவருதல் மாணவர் பலர்க்கும் பழகிய வழக்கம். ஒன்பது முனை இணைப்பி ஒன்று, மேக்ஸ்232 சில்லு ஒன்று, மின்தேக்கிகள் நான்கு, சில்லு பொருத்தும் சிறு அட்டை, உறையிட்ட மூவிழைக் கம்பி, வெப்பத்தால் சுருங்கும் குழல் ஆகியன போதும்.

ஒன்பது முனைகளையும் இணைக்க வேண்டுவதில்லை, மூன்றே போதும். கணினியின் இணைப்பியில் 2ஆம் முனை பெறுவது. 3ஆம் முனை அனுப்புவது. 5ஆம் முனை இரண்டுக்கும் பொதுவான புவிமுனை. ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டுமாதலின், ஒரு கருவியின் அனுப்பும் முனையை மற்றதன் பெறும் முனையோடு இணைத்தல் வேண்டும். அனுப்பும் முனையை அனுப்பும் முனையோடே இணைத்தால் இருவரும் ஒருசேரப் பேசி எவரும் கேளாத நிலை உண்டாகும்.

மூன்றாம் கம்பியாகிய புவிமுனையை மறந்துவிடுவோர் மிகுதி. மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையேயான வேறுபாடு. எதிலிருந்து அளப்பது என்பதற்குப் பொதுவான அடிப்படை இல்லையெனில் 5 வோல்ட் என்னும் சொல்லுக்கே பொருளில்லை. கட்டடத்தின் உயரத்தை அளக்கத் தரைமட்டம் வேண்டுவது போன்றது இது.

இனி, கம்பியையும் முனையையும் ஒட்டவைக்க வேண்டும். தொழிற்கூடங்களில் 'சால்டரிங்' என்று வழங்கும் இவ்வேலைக்குத் தமிழில் பற்றாசு வைத்தல் என்று பெயர். பொற்கொல்லர் அணிகலனின் துண்டுகளை இணைக்கப் பயன்படுத்துவது பற்றாசு. இச்சொல் யாப்பிலக்கணத்திலும் இடம்பெற்றிருக்கிறது. நேரிசை வெண்பாவில் முதற்குறள் முடியும் இடத்திற்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பிளவுபடுமாயின், ஓரசையோ ஈரசையோ சேர்த்து அப்பிளவை நிரப்புவர். அவ்வசைக்கு 'ஆசு' என்பது பெயர். அவ்வாறு அமைந்த பாடல் 'ஆசிடை நேரிசை வெண்பா' எனப்படும். உலோகத் துண்டுகளைப் பற்றாசு இணைப்பதுபோல் இரு குறளையும் இவ்வசை இணைக்கிறது என உரையாசிரியர் விளக்குவர்.

மின்னணுப் பணியில் பயன்படும் பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகக் கலவை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். கம்பியையும் முனையையும் முதலில் சூடாக்கி, அச்சூட்டில் பற்றாசை உருகவிடுதலே முறை. பற்றாசை மட்டும் உருக்கி மேலே இட்டால், பார்வைக்கு ஒட்டியதுபோல் தோன்றினும் உள்ளே இணைப்பு இராது. மங்கலாகவும் உருண்டையாகவும் நிற்கும் அத்தகைய குளிரிணைப்பு, அசைத்தால் இணைந்தும் விட்டும் வேலை செய்யும். முற்றிலும் அறுந்த இணைப்பைவிடக் கண்டறிய அரியது இதுவே. காரீயம் நச்சுத்தன்மை உடையதாதலின் காற்றோட்டமான இடத்தில் பணிசெய்தலும், முடித்தபின் கைகழுவுதலும் இன்றியமையாதன.

இணைப்பியின் முன்புறத்தில் இடமிருந்து வலமாக எண்ணப்படும் முனைகள், பற்றாசு வைக்கும் பின்புறத்தில் வலமிருந்து இடமாக மாறிவிடும். கண்ணாடியில் பார்ப்பதுபோன்ற இம்மாற்றத்தால் வடம் தவறாக அமைந்துவிடுவதுண்டு. முனையருகே நெகிழியில் மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணைப் படித்து உறுதிசெய்துகொள்வதே இதற்குத் தீர்வு.

செருகும்முன் சோதித்தல்

செய்து முடித்த வடத்தை உடனே பலகையில் செருகுதல் தகாது. முதலாவதாக, மல்டிமீட்டரைக் கொண்டு ஒவ்வொரு கம்பியும் சேர வேண்டிய முனையைச் சேர்ந்துள்ளதா, அடுத்த முனையைத் தொடாமல் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, கணினியின் 5ஆம் முனையை அடிப்படையாகக் கொண்டு பிற முனைகளின் மின்னழுத்தத்தை அளக்கலாம். பேச்சில்லாத வேளையில் அனுப்பும் முனை தெளிவான எதிர்மின்னழுத்தத்தைக் காட்டும். பெறும் முனை சுழியத்தை ஒட்டியிருக்கும். எந்த முனை பேசுவது, எந்த முனை கேட்பது என்பதை எந்தக் கையேடும் இல்லாமலேயே இவ்வாறு அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவதாக, வடத்தின் மறுமுனையில் அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் ஒன்றாகத் தொடுத்துவிட்டுக் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்தல் வேண்டும். அனுப்பிய எழுத்து அவ்வாறே திரும்பித் திரையில் தோன்றினால் கணினி முதல் வடத்தின் முனைவரை குறையில்லை எனக் கொள்ளலாம். மலையிடுக்கில் எழுப்பிய ஒலி எதிரொலித்து வருவதைக் கேட்பது போன்ற இச்சோதனை, பழுது எப்பாதியில் உள்ளது என்பதைச் சில நொடிகளில் பிரித்துக்காட்டும்.

நான்கு கம்பிகளும் ஒரு சில்லும்

இன்றைய மடிக்கணினிகளில் ஒன்பது முனை இணைப்பி காணப்படுவது அரிது. 1996இல் அறிமுகமான யு.எஸ்.பி. அதன் இடத்தைப் பெற்றுக்கொண்டது. வழக்கமான யு.எஸ்.பி. வடத்தினுள் நான்கு கம்பிகள் உள்ளன. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு புவிமுனை, வெள்ளையும் பச்சையும் செய்திக்கானவை. இதனைக் கண்டு, பச்சையையும் வெள்ளையையும் நுண்கட்டுப்படுத்தியின் இரு முனைகளில் நேராக இணைத்தால் போதும் என்று எண்ணுவது பிழை. யு.எஸ்.பி. இணைப்பில் கணினியே தலைமை ஏற்கிறது. அது வினவும்போது மட்டுமே மற்றக் கருவி விடையளிக்க வேண்டும். தன் பெயரையும் வகையையும் முதலில் அறிவிக்க வேண்டும். இவ்வளவு விரிவான உரையாடலை 8051இன் இரு முனைகள் அறியா.

எனவே, இங்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். எஃப்.டி.232, சி.பி.2102, சி.எச்.340 முதலிய சில்லுகள் இப்பணியைச் செய்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தாங்கிய சிறு அட்டையின் ஒருபுறத்தைக் கணினியில் செருகி, மறுபுறத்தின் அனுப்பும், பெறும், புவி முனைகளைப் பலகையோடு இணைத்தால் வடம் ஆயத்தமாகிவிடும். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றி உலகெங்கும் பரவிய அர்டுயினோ பலகைகளுள் பலவற்றில் இம்மொழிபெயர்ப்புச் சில்லு பலகையிலேயே அமைந்திருக்கிறது. வடம் எளிதானது, உள்ளே நிகழும் உரையாடல் மாறவில்லை.

இங்கும் இரு எச்சரிக்கைகள் உள. அண்மைக் காலப் பலகைகள் பல 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட் அனுப்பும் கம்பி அவற்றைப் பழுதாக்கக்கூடும். பல அட்டைகளில் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு; இணைக்கும்முன் அதனைப் பார்த்தல் வேண்டும். மேலும், பலகைக்குத் தனி மின்வழங்கி இருக்குமாயின் சிவப்புக் கம்பியை இணைத்தல் கூடாது. இரு மின்வழங்கிகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்.

பலகையிலிருந்து இயந்திரத்திற்கு

இவ்வளவும் அறிந்த மாணவர், தொழிற்பேட்டையில் ஒரு பழைய சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்பதாகக் கொள்க. இயந்திரத்தில் இருப்பது இருபத்தைந்து முனை இணைப்பி. அதில் அனுப்புவது 2, பெறுவது 3, புவிமுனை 7. கணினியின் ஒன்பது முனை இணைப்பியிலோ பெறுவது 2, அனுப்புவது 3. ஆகவே 2ஐ 2உடனும், 3ஐ 3உடனும், 5ஐ 7உடனும் இணைத்தால் பேச்சும் கேள்வியும் முறையாகச் சேர்ந்துவிடும். எண்களை மனப்பாடம் செய்தவர் இங்குக் குழம்புவார். ஒவ்வொரு முனையின் தொழிலை அறிந்தவர் குழம்பார்.

நிரல் கணினியிலிருந்து இயந்திரத்திற்குத்தானே செல்கிறது, இயந்திரம் திரும்பப் பேசும் கம்பி எதற்கு என்னும் ஐயமும் எழலாம். பழைய இயந்திரத்தின் நினைவகம் சிறியது. நீண்ட நிரலை அது சிறிது சிறிதாகவே பெற்றுக்கொள்ளும். நினைவகம் நிறைந்தவுடன் 'பொறு' என்பதற்கு 19 என்னும் குறியையும், இடம் கிடைத்தவுடன் 'தொடர்க' என்பதற்கு 17 என்னும் குறியையும் அது கணினிக்கு அனுப்புகிறது. அக்கம்பி இல்லையெனில் கணினி நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரலின் வரிகள் சில விடுபட்டுப்போகும். வரி விடுபட்ட நிரலைக் கொண்டு கடையும் உளி எங்குச் சென்று மோதும் என்று கூற இயலாது.

இயந்திரங்கள் சில, 'எதிர்முனை ஆயத்தமா?' என்று வேறு முனைகளின் வழியாக வினவி, விடை கிடைத்தபின்னரே பேசத் தொடங்கும். மூன்று கம்பி வடத்தில் அவ்வினா கணினியைச் சென்றடையாது. எனவே, இயந்திரப் பக்கத்து இணைப்பியில் 4ஐயும் 5ஐயும் ஒன்றாகவும், 6, 8, 20 ஆகியவற்றை ஒன்றாகவும் இணைத்துவிடுவர். இயந்திரம் எழுப்பும் வினா இயந்திரத்திற்கே விடையாகத் திரும்பிவிடும். இச்சிறு கம்பித்துண்டுகள் இன்மையால், எல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் பேச மறுக்கும்.

இருபத்தைந்து கம்பிகளையும் இணைத்துவிட்டால் இத்தனை ஆய்வும் தேவையில்லையே எனச் சிலர் கருதலாம். இயந்திரங்கள் சிலவற்றில் 25ஆம் முனையில் 24 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். முற்காலத்துத் துணைக்கருவிகளை இயக்க வைத்த ஏற்பாடு அது. அது கணினியினுள் பாய்ந்தால் கணினி பழுதாகிவிடும். வேண்டுவனவற்றை மட்டும் இணைத்தலே பாதுகாப்பு.

தொழிற்கூடத்தின் சூழலும் ஆய்வுக்கூடத்தினின்றும் வேறுபட்டது. பெரிய மின்னோடிகள் தொடங்கும்போதெல்லாம் அருகிலுள்ள கம்பிகளில் இரைச்சல் புகும். உலோகவலை உறையிட்ட வடத்தைப் பயன்படுத்தி, அவ்வுறையை ஒரு முனையில் மட்டும் புவியோடு இணைத்தல் நன்று. இயந்திரத்தின் புவிமுனைக்கும் கணினியின் புவிமுனைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் வடத்தின் வழியே வேண்டாத மின்னோட்டம் பாயும். அதனைத் தடுக்க ஒளியிணைப்பி உதவுகிறது. ஒருபுறம் ஒளியை உமிழும் உறுப்பும் மறுபுறம் அவ்வொளியை உணரும் உறுப்பும் கொண்ட அதில், செய்தி ஒளியாகக் கடக்கும், மின்சாரம் கடவாது.

கையால் செய்த அறிவு

2018இல் சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' செயலிகளும், 2020இல் 'மௌசிக்' என்னும் நுண்செயலியும் உருவாக்கப்பட்டன. சில்லுகளை இந்நாட்டிலேயே வடிவமைக்கும் முயற்சி வளர்ந்துவருகிறது. அத்தகைய சில்லைத் தாங்கிய பலகையும் முதன்முதலில் கணினியோடு பேசும்போது பெரும்பாலும் இரு கம்பிகளின் வழியாகவே பேசுகிறது. திரையில் தோன்றும் முதல் வரியைக் காணப் பொறியாளர் காத்திருக்கும் அக்கணமும், அம்பத்தூரில் ஒரு மாணவர் தம் வடத்தைச் செருகிவிட்டுக் காத்திருக்கும் கணமும் வேறல்ல.

ஒரு வடத்தை விலைகொடுத்து வாங்குதல் எளிது. பல வேளைகளில் அதுவே தக்கதும் ஆகும். எனினும், எந்தக் கடையிலும் பொருத்தமான வடம் இல்லாத நாள் ஒன்று தொழிற்கூடத்தில் வரும். அன்று, நன்றாக இயங்கக்கூடிய இயந்திரத்தைப் பழைய இரும்பாகக் கருதி ஒதுக்குவதா, மூன்று கம்பிகளை இணைத்து மீண்டும் இயக்குவதா என்பதை முடிவுசெய்வது அங்கிருப்பவரின் அறிவே. அனுப்புவது எது, பெறுவது எது, எந்த வேகம், எந்த மின்னழுத்தம், பொதுவான அடிப்படை எது என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை கண்டவர் எவ்விரு கருவிகளையும் இணைக்கலாம்.

வெண்பாவில் ஆசாக நிற்பது ஓரசையோ ஈரசையோதான். அது இல்லையெனில் இரு குறளும் ஒரு பாடலாகா. மூன்று கம்பிகளும் சிறிது பற்றாசும் கொண்ட வடமும் அத்தகையதே.

கற்பவை கற்றபின்

1. பயன்படாத பழைய மின்னணுக் கருவி ஒன்றின் பலகையை ஆசிரியரின் துணையோடு பார்வையிட்டு, அதிலுள்ள சில்லு, படிகம், மின்தேக்கி ஆகியவற்றை அடையாளம் கண்டு படம் வரைக. (மின்னிணைப்பில் உள்ள கருவியைத் திறத்தல் கூடாது.)

2. 'தமிழ்' என்னும் சொல்லில் ஒருங்குறிக் குறியீடுகள் எத்தனை என அறிந்து, ஒவ்வொன்றும் மூன்று பைட் எனக் கொண்டு, 9600 வேகத்தில் அச்சொல் கம்பியைக் கடக்க ஆகும் காலத்தைக் கணக்கிடுக.

3. உம் ஊரில் உள்ள தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரிவோர் கருவிகளுக்கும் உறுப்புகளுக்கும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான கலைச்சொற்களோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

நுண்கட்டுப்படுத்தி – மைக்ரோகண்ட்ரோலர்
தொடர்நிலைத் தொடர்பு – சீரியல் கம்யூனிகேஷன்
மின்தேக்கி – கெபாசிட்டர்
பற்றாசு – சால்டர்
இணைப்பி – கனெக்டர்
ஒளியிணைப்பி – ஆப்டோகப்ளர்